அம்மை காணும் ஆட்டம்

பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலின் வடபுறச் சிற்றாலயத்தில் ஆடியவர் அழிந்துவிட்டார்; பார்த்துக்கொண்டிருந்தவள் மிஞ்சியிருக்கிறாள். சுண்ணச்சாந்து பூசி வண்ணம் தீட்டிய சுவரில் சிவனின் கூத்து இன்று சில கோடுகளாகவும் கறைகளாகவும் மட்டுமே தங்கியிருக்கிறது. பல கைகள் விரிந்திருந்தன என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். உமையோ தெளிவாக நிற்கிறாள். தலையில் வேலைப்பாடு மிக்க மணிமுடி, அதற்கு மேல் குடை, ஒரு பக்கம் சாய்ந்த முகம், தாழ்ந்த இமைகள். ஒரு காலை ஊன்றி, மற்றதை மடக்கி, உடம்பை மெல்ல ஒசித்து நிற்கும் நிலை. பல்லவர் கால ஓவியங்களில் நமக்குக் கிடைத்தவை மிகச் சில. அவற்றுள் இந்த முகத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

அந்த மடங்கிய கால்தான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. அது அரசியொருத்தி ஓய்வாகச் சாய்ந்து நிற்கும் நிலையா, ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் தாளத்துக்குள் இறங்கப்போகிறவளின் நிலையா? சிவன் ஆடக் கண்ட பார்வதி தானும் மென்மையான ஆட்டம் ஒன்றை ஆடினாள் என்கிறது பரதரின் நாட்டிய சாத்திரம், நான்காம் அத்தியாயத்தில். பனமலை ஓவியன் அதற்குச் சற்று முந்திய கணத்தைப் பிடித்துவிட்டான் என்றே எனக்குப் படுகிறது. நிரூபிக்க வழியில்லை. ஆனால் நடனத்தின் தெய்வ வேரைத் தேடுகிறவர்கள் ஆடுகிறவனையே உற்றுப் பார்த்துவிட்டு, காண்கிறவளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. ஆட்டம் யார் காண ஆடப்படுகிறது என்று கேட்டால் கதை வேறு மாதிரி விரிகிறது. அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள ஜப்பான் உதவுகிறது. அங்கே போவதற்கு முன் பனமலையில் கொஞ்சம் நிற்போம்.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பாறையும் பனையுமான நிலத்தில் பனமலை ஒரு சிறு குன்று. அடிவாரத்தில் பெரிய ஏரி. மேலே கோயிலைக் கட்டியவன் ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலும் அவன் எழுப்பியவைதாம். ஆட்சிக்காலம் ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை. கைலாசநாதர் கோயில் கல்வெட்டின் கடைசிச் சுலோகம் அப்படியே பனமலையிலும் வெட்டப்பட்டிருக்கிறது. இது அவன் பணி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கருவறையில் பட்டை தீட்டிய லிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர், விமானத்தோடு ஒட்டிய சிற்றாலயங்கள், சிங்கம் தாங்கிய தூண்கள் என அவன் கைவண்ணம் அத்தனையும் இங்கே உண்டு.

கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயச் சுவர்களில் ராஜசிம்மன் தன் பட்டப்பெயர்களை 200-க்கு மேல் பொறித்து வைத்தான். வாத்திய வித்யாதரன், வீணா நாரதன், ஆதோத்ய தும்புரு ஆகியவை அவற்றுள் சில. அரசர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டங்களை அப்படியே நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வாசித்தானோ இல்லையோ, வாசிப்பவனாகத் தெரியவேண்டும் என்று விரும்பினான். அந்த அளவுக்குச் சொல்லலாம்.

வட்டாரமும் சாதாரணமானதல்ல. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இன்றிக் கோயில் குடைந்ததாக மகேந்திரவர்மன் பெருமையோடு அறிவித்த மண்டகப்பட்டு பக்கத்தில்தான். தளவானூரும் அப்படியே. சற்று வடக்கே போனால் சீயமங்கலம். அங்குள்ள மகேந்திரன் குடைவரையில், தூணின் மேற்பகுதியில், காலைத் தூக்கி ஆடும் சிறிய சிவன் இருக்கிறான். தமிழ்நாட்டுக் கல்லில் ஆடும் சிவனின் மிகப் பழைய உருவங்களில் அது ஒன்று. அங்கிருந்து ராஜசிம்மன் காலத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. அதற்குள் தூணின் சிறு சதுரத்தில் அடங்கியிருந்தவன் சுவர் நிறைந்த கூத்தனாக வளர்ந்துவிட்டான். கைலாசநாதர் கோயிலில் விதவிதமான நிலைகளில் ஆடுகிறான். அதன் சிற்றறைகளில் ஒளிந்திருந்த ஓவியத் துணுக்குகளை 1931-ல் கண்டவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய்.

ஆட்டத்தைக் காணும் அம்மை ராஜசிம்மனின் கற்பனையா என்றால், இல்லை. தமிழில் அவளுக்கு அதைவிடப் பழைய வரலாறு உண்டு. கலித்தொகையின் கடவுள் வாழ்த்து சிவனின் மூன்று ஆட்டங்களைச் சொல்கிறது: கொடுகொட்டி, பாண்டரங்கம், கபாலம். ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் தாளத்தின் ஒரு கூறை அம்மை ஏற்கிறாள். சீர் ஒன்றில், தூக்கு ஒன்றில், பாணி ஒன்றில். ஊழிக்காலத்தில் உலகமெல்லாம் ஒடுங்கிய பிறகு அவள் ஒருத்திதானே எஞ்சியிருக்கிறாள், அவள் தாளம் தராவிட்டால் யார் தருவார் என்பது அங்கே தொனிக்கும் கேள்வி. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களிலும் கொடுகொட்டி முதலில் வருகிறது. இமையவன் சுடுகாட்டு அரங்கில் ஆடியது, உமை ஒரு புறமாக இருக்க.

காரைக்காலம்மையாரிடம் வந்தால் அந்த இடத்தில் மனிதப் பெண் ஒருத்தி உட்கார்ந்துவிடுகிறாள். கைலாயத்துக்குத் தலையால் நடந்துபோன அந்த வணிகர் குலத்துப் பெண் இறைவனிடம் கேட்ட வரம், நீ ஆடும்போது உன் அடிக்கீழ் இருக்கவேண்டும் என்பதுதான். திருவாலங்காட்டில் அது கிடைத்தது. சோழர் காலச் சிற்பிகள் அவளை எலும்பும் நரம்புமாகக் குந்தவைத்து, கையில் தாளத்தைக் கொடுத்தார்கள். மறுபடி கவனியுங்கள்: பார்ப்பவள் கையில் தாளம். தில்லையிலும் நடராசர் தனியாக நிற்பதில்லை. சிவகாமி எப்போதும் பக்கத்தில் நின்று காண்கிறாள்.

நாட்டிய சாத்திரத்தின் தோற்றக் கதையும் இதே வழியில்தான் போகிறது. பரதரும் அவர் மக்களும் திரிபுர தகனத்தை நாடகமாக நடித்துக் காட்டியபோது எதிரே உட்கார்ந்து பார்த்தவர் சிவன். தன் கதையைத் தானே பார்த்தவருக்குத் தான் அந்தியில் ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது. அதையும் நாடகத்தில் சேர்க்கலாமே என்றார். தண்டுவை அழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். 108 கரணங்கள் பரதருக்கு வந்து சேர்ந்த வழி அது. ஆகச் சாத்திரத்தின் கணக்குப்படியும் ஆட்டக்கலை பிறந்தது மேடையின் எதிரே, ஒரு ரசிகரின் நினைவில்.

இனி ஜப்பான். ராஜசிம்மன் காஞ்சியில் ஆண்ட அதே ஆண்டுகளில் நாரா நகரத்து அரசவை தன் தொன்மங்களை எழுத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. கொஜிகி 712-ல் முடிந்தது, நிஹோன் ஷோகி 720-ல். இரண்டிலும் வரும் கதை இது. தம்பி சுசனோவின் அட்டூழியம் தாங்காமல் சூரியதேவி அமதெரசு பாறைக் குகைக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டாள். உலகம் இருண்டது. கூடிய தேவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அமெ நோ உசுமே என்ற பெண் தெய்வம் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேறிக் காலால் ஓங்கி உதைத்து ஆடினாள். ஆவேசம் வந்தது, ஆடை நெகிழ்ந்தது, எண்ணற்ற தேவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் இல்லாத உலகத்தில் என்ன சிரிப்பு என்று அமதெரசு கதவைச் சற்றே திறந்தாள். வெளியே இழுத்துவிட்டார்கள். ஒளி திரும்பியது. காகுரா எனப்படும் கடவுள் ஆட்டத்துக்கு ஜப்பானியர் காட்டும் மூலக்கதை இதுதான்.

பனமலைக்கு இது நேர்மாறு. நம் கதையில் கடவுளே கூத்தன், அம்மை காண்கிறாள், ஆட்டத்தால் உலகம் தோன்றி ஒடுங்குகிறது. ஜப்பானியக் கதையில் தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதன் பார்வையைத் திரும்பப் பெறுவதற்கே ஆட்டம். ஆனாலும் இரண்டிலும் காண்பவள் இல்லாமல் ஆட்டம் நிறைவேறாது. அங்கே காண்பவளுக்காகவே ஆடுகிறார்கள், இங்கே காண்பவளே தாளம் தருகிறாள்.

கால் உதைக்கும் அந்தத் தொட்டி ஜப்பானிய அரங்கில் இன்றும் ஒலிக்கிறது எனலாம். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் ஸெயாமியின் கையில் முழு வடிவம் பெற்ற நோ நாடகத்தின் மேடைக்கு அடியில், மரபுப்படி, பெரிய மண்ஜாடிகளை வைப்பார்கள். நடிகர் மரத்தளத்தில் பாதத்தை ஊன்றும்போது சத்தம் ஆழ்ந்து எழும்பும். மேடையின் பின்பலகையில் ஒரே ஒரு பைன் மரம் தீட்டியிருப்பார்கள். அது நாராவின் கசுகா கோயிலில் தெய்வம் இறங்கி ஆடியதாகச் சொல்லப்படும் மரத்தைக் குறிக்கிறது. மரம் உண்மையில் பார்வையாளர் பக்கத்தில் இருக்கிறது, பலகையில் நாம் காண்பது அதன் பிம்பம் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தை ஏற்றால், சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் தெய்வத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதே கசுகாவில் 1136 முதல் ஒன்-மத்சுரி என்ற திருவிழா நடந்துவருகிறது. டிசம்பர் 17-ஆம் தேதி, நள்ளிரவு இருட்டில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டுத் தெய்வத்தை அதன் கோயிலிலிருந்து தற்காலிகப் பந்தலுக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். பிறகு மணிக்கணக்கில் காகுரா, அரசவை ஆட்டமான புகாகு, நோவின் மூதாதையான சருகாகு எல்லாம் நடக்கின்றன, பந்தலை நோக்கி. மனிதர்களும் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் ஆடுபவர்களின் முகம் திரும்பியிருப்பது அவர்கள் பக்கம் அல்ல.

தமிழ்நாட்டுக்கும் ஜப்பானிய ஆட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று கேட்பார்கள். ஆசையூட்டும் செய்திகள் சில இருக்கின்றன. தென்னிந்திய மன்னன் நரசிம்மன் சீனப் பேரரசின் பொருட்டு ஒரு கோயில் கட்டி, அதற்குப் பெயர் சூட்டித் தருமாறு 720-ல் வேண்டியதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. அது ராஜசிம்மனேதான். 736-ல் போதிசேனர் என்ற பௌத்தத் துறவி சீனாவிலிருந்து ஜப்பான் சென்று சேர்ந்தார். அவரைத் தென்னிந்திய அந்தணர் என்றே ஜப்பானியப் பதிவுகள் குறிக்கின்றன. கூடவே போனவர் இன்றைய வியட்நாம் பகுதியிலிருந்த சம்பா நாட்டுத் துறவி புத்தெத்சு. 752-ல் நாராவின் தோதாய்ஜி கோயிலில் மாபெரும் வெண்கலப் புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது தூரிகை பிடித்தவர் போதிசேனர். தூரிகையிலிருந்து நீண்ட கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பற்றிக்கொண்டார்கள், எல்லோருமாகச் சேர்ந்து கண் திறந்ததாக ஆகட்டும் என்று. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோஇன் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன.

அன்றைய ஆட்டங்களில் புத்தெத்சு கற்றுக்கொடுத்தவையும் உண்டு என்பது ஜப்பானிய மரபு. போசத்சு, பைரோ, பதோ, கர்யோபின் ஆகிய ஆட்டங்களை அவர் வழி வந்தவையாகச் சொல்கிறார்கள். கர்யோபின் கலவிங்கம் என்ற தேவலோகப் பறவையின் ஆட்டம். முதுகில் வண்ணச் சிறகு கட்டிய நான்கு சிறுவர்கள் சிறு தாளங்களைத் தட்டிக்கொண்டு ஆடுவார்கள்.

இத்தனையும் வைத்துக்கொண்டு ஜப்பானிய நடனம் காஞ்சியிலிருந்து போனது என்று எழுதிவிட நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்த வேலையில் எனக்கு விருப்பமில்லை. கண்ணெதிரே இருப்பது சம்பா, சீனா, கொரியா எனப் பல கை மாறிய சரக்கு. காகுராவோ இவர்கள் போவதற்கு முன்பே அங்கே வேர்விட்டிருந்தது. கொரியாவிலிருந்து 612-ல் போன கிகாகு என்ற முகமூடிக் கூத்தில் பரமோன் என்றொரு பாத்திரம் உண்டு, இந்தியப் பிராமணர்தான். அவர் மேடையில் என்ன செய்கிறார் தெரியுமா? குழந்தையின் கந்தைத் துணியைத் துவைக்கிறார். இந்தியத் தாக்கம் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இவரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஒப்பீடு பயன்படுவது வேறோர் இடத்தில். தெய்வ நடனம் ஆயிரமாண்டு அறுபடாமல் ஓடி வருகிறது என்று இரு நாட்டிலும் சொல்கிறார்கள். இரு நாட்டிலும் அது பாதி உண்மை.

ஜப்பானில் மிக்கோ எனப்படும் கோயில் பெண்கள் பழங்காலத்தில் ஆவேசமுற்று ஆடித் தெய்வவாக்குச் சொன்னவர்கள். 1603 வாக்கில் கியோத்தோவின் ஆற்றங்கரையில் ஆடிக் கபுகி நாடகத்துக்கு வித்திட்ட ஒகுனி தன்னை இசுமோ கோயிலின் மிக்கோ என்றே சொல்லிக்கொண்டாள். பெண்கள் கபுகி ஆடுவதை 1629-ல் அரசு தடைசெய்தது, ஒழுக்கக்கேடு என்று காரணம் சொல்லி. பிறகு மெய்ஜி அரசு வந்தது. நவீன நாட்டுக்குச் சாமியாட்டம் பொருந்தாது என்று 1873-ல் மிக்கோக்கள் அருள்வாக்குச் சொல்வதற்குத் தடை போட்டது. ஆவேசம் போய்விட்டது, நளினம் தங்கியது. இன்று ஜப்பானியக் கோயில்களில் வெள்ளையும் சிவப்பும் உடுத்த இளம்பெண்கள் விசிறியும் மணிக்கொத்தும் ஏந்தி நிதானமாகச் சுழலும் உராயசு நோ மை என்ற ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் அதைப் புராண காலத்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதை அமைத்தது அரசவை இசைஞர் ஓனோ ததாதோமோ, 1940-ல், பேரரசின் 2600-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக.

நம் பக்கத்துக் கதையின் தேதிகள் வாசகருக்குத் தெரிந்தவை. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவர் பெயரையும் வீட்டையும் கல்லில் பதித்தான். அந்தத் தொடர்ச்சியில் வந்தவர்களை 1947-ஆம் ஆண்டின் சென்னைத் தேவதாசிச் சட்டம் கோயிலிலிருந்து வெளியேற்றியது. அதற்கு முன்பே, 1935-ல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறியிருந்தார். சட்டம் தேவையானது, அதில் எனக்கு ஐயமில்லை. பொட்டுக்கட்டுக்குப் பின்னால் இருந்த சுரண்டலை, அந்தச் சட்டத்துக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி மிகைப்படுத்தவில்லை. ஆனால் ஆட்டத்தின் திசை மாறியதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கோயிலில் ஆடியவள் சந்நிதியைப் பார்த்து ஆடினாள். சபாவில் ஆடுகிறவள் நம்மைப் பார்த்து ஆடுகிறாள். அந்த வெறுமையை நிரப்ப ருக்மிணி தேவி மேடையிலேயே நடராசர் சிலையை வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். சிலை மேடையின் ஓரத்தில், பூமாலையோடு, நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. காணவேண்டிய தெய்வம் ஆடுகிறவரின் பக்கத்துக்கு மாறிவிட்டது. நோ மேடையின் பைன் மரம்கூட, எதிரே இருப்பதன் பிம்பமாகவே பின்பலகையில் தங்கியிருக்கிறது. நமக்கு அந்த நினைவும் இல்லை.

திசை மாறாத ஆட்டம் இருக்கிறது, பனமலையைச் சுற்றியே. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்நிலம். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலை மூலக்கோயிலாகச் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988-ல் வந்தது; அதன் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. பங்குனி, சித்திரை தொடங்கிக் கோடை முழுவதும் ஊர் ஊராகப் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பல ஊர்களில் கூத்துக்களத்தை அம்மன் கோயிலைப் பார்த்தே அமைக்கிறார்கள், அம்மன் பார்க்கவேண்டுமே. கூத்தாடிகளின் ஜமா விடியவிடிய ஆடும். கடைசி நாளில் கோயில் வெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, வேஷக்காரர்கள் அவனைச் சுற்றி வந்து படுகளம் முடித்ததும் மாலையில் தீமிதி.

துகிலுரிதல் அன்று கூத்தைக் கிட்டே இருந்து பார்க்கவேண்டும். பாஞ்சாலி வேஷம் கட்டியிருப்பவர் ஆண்தான், அரிதாரத்துக்கு மேல் வேர்வை வழிகிறது, எல்லோருக்கும் தெரிந்த முகம். ஆனால் துச்சாதனன் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுக்கொள்வது பல ஜமாக்களில் வழக்கம். முகவீணை உச்சத்துக்கு ஏறும்போது கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும். சமயத்தில் துச்சாதனனே நிலைதடுமாறி விழ, பிடித்து உட்காரவைத்து விபூதி பூசுவார்கள். மெய்ஜி அரசு தடைசெய்த அந்த ஆவேசத்துக்கு இங்கே எந்த அரசும் அனுமதி தரவும் இல்லை, தடை போடவும் இல்லை.

ஜப்பானில் இதற்கு இணை தேடினால் கோயில் மிக்கோக்களிடம் கிடைக்காது, கியூஷூ தீவின் தகாசிஹோ மலையூர்களுக்குப் போகவேண்டும். அமதெரசு ஒளிந்த குகை தங்கள் ஊரில்தான் இருக்கிறது என்பார்கள் அங்குள்ளவர்கள். நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை ஊர் ஊராக, ஒரு வீட்டின் பெரிய அறையில் தெய்வத்தை எழுந்தருளச் செய்து, 33 ஆட்டங்களை மாலையில் தொடங்கி மறுநாள் முற்பகல் வரை ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் விவசாயிகள், ஊர்க்காரர்கள். நடுவில் ஒரு தம்பதித் தெய்வம் மது காய்ச்சுகிறது, குடித்துவிட்டுச் சேட்டை செய்கிறது, கூட்டத்துக்குள் புகுந்து ஆட்களைக் கட்டிப்பிடிக்கிறது. அறை சிரிப்பால் அதிர்கிறது. உசுமே ஆடியபோது தேவர்கள் சிரித்ததற்கு இது வாரிசு.

கூத்தில் அந்தப் பொறுப்பு கட்டியக்காரனுடையது. திரையை விலக்கிக்கொண்டு ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிறவன் அடுத்த மூச்சில் ராஜாவையே கேலி செய்வான். திரௌபதியின் துயரத்துக்கு நடுவே ரேஷன் கடை, ஏரி மராமத்து, பஞ்சாயத்துத் தலைவர் எல்லாம் வந்துபோகும். எதிரே அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று யாரும் கூசுவதில்லை. அவளும் கேட்கட்டும் என்பதுதான் எண்ணம். புனிதமான நடனம் என்று மேடையில் அறிமுகம் செய்யப்படுகிற எதிலும், சென்னையின் மார்கழிக் கச்சேரிகளில், நான் அப்படியொரு சிரிப்பைக் கேட்டதில்லை.